லேப் படமும் வீட்டுப் படமும்: தவறான ஒரு தரவரிசை

கைபேசியிலோ கேமராவிலோ எடுத்த படத்தைத் தாளில் பார்க்க விரும்புவோரிடையே ஒரு கருத்து கேள்விக்கு இடமின்றி வேரூன்றியிருக்கிறது: லேபில் போட்டு வாங்குவதே உண்மையான புகைப்படம், வீட்டு பிரிண்டரில் எடுப்பது அதன் போலி. ஸ்டுடியோ நடத்துவோரும், புகைப்படக்கலை பயில்வோரும், குடும்ப ஆல்பத்தைப் பேணிக் காக்கும் பெரியவர்களும் இதை வெவ்வேறு சொற்களில் சொன்னாலும், அவர்கள் காட்டும் காரணங்கள் நான்கில் அடங்கிவிடும். லேப் படம் ஒளியால் பதிவது, வீட்டுப் படம் மையைத் தெளித்து உண்டாக்குவது என்பது முதலாவது. லேப் படம் தலைமுறை தாண்டி நிற்கும், வீட்டுப் படம் ஓரிரு ஆண்டில் வெளுத்துப்போகும் என்பது இரண்டாவது. லேபில் நிறம் சரியாக வரும், வீட்டில் வராது என்பது மூன்றாவது. வீட்டில் எடுத்தால் செலவு கட்டுப்படியாகாது என்பது நான்காவது. பிரிண்டர் விற்பவர்கள்கூட ‘லேப் தரம் இனி உங்கள் வீட்டிலேயே’ என்று விளம்பரம் செய்யும்போது, இக்கருத்தை மறுப்பதற்கு மாறாக அதன் அளவுகோலை அப்படியே ஏற்று, தங்கள் சரக்கும் அதை எட்டிவிட்டதாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த அளவுகோலே பிழையானது. முதல் மூன்று காரணங்களும், படம் அச்சாகும் இடத்தையும் அது எந்தப் பொருளால் ஆனது என்பதையும் ஒன்றெனக் கொண்ட குழப்பத்திலிருந்து பிறந்தவை. நான்காவது காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் அது சொல்ல வந்ததைவிடக் குறைவான உண்மை. ஒரு படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை தாள், அதில் நிறமாக நிற்கும் பொருள், அச்சிடும் முன் அந்தப் படத்துக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் ஆகிய மூன்றே. இம்மூன்றில் எதுவும் லேபுக்கோ வீட்டுக்கோ உரிய தனிச்சொத்து அன்று.

முதல் காரணத்தை எடுத்துக்கொண்டால், லேபில் நிகழ்வது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1996-இல் ஃபியூஜி நிறுவனம் அறிமுகப்படுத்திய ஃப்ரான்டியர் போன்ற டிஜிட்டல் மினிலேப் இயந்திரங்களில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று லேசர் கதிர்கள் கோப்பிலுள்ள படத்தைப் புள்ளி புள்ளியாகத் தாளின் மீது எழுதுகின்றன. அந்தத் தாளில் வெள்ளி ஹாலைடு என்னும், ஒளி பட்டால் மாற்றமடையும் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் ஜெலட்டின் படலத்துக்குள் பொதிந்திருக்கின்றன. பின்னர் தாள் வேதிநீர்த் தொட்டிகளுக்குள் இறங்குகிறது. ஆர்ஏ-4 எனப்படும் வழக்கமான முறையில், சுமார் 35 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நிறத் துலக்கியில் ஏறத்தாழ 45 விநாடி இருக்கும்போது, ஒளி பட்ட படிகங்கள் உலோக வெள்ளியாகின்றன. அவ்வினையில் மாற்றமடைந்த துலக்கி, தாளில் முன்பே வைக்கப்பட்டுள்ள இணைப்பிகளோடு சேர்ந்து சயான் என்னும் நீலப்பச்சை, மெஜந்தா என்னும் செவ்வூதா, மஞ்சள் ஆகிய மூன்று சாயங்களை உண்டாக்குகிறது. அடுத்த தொட்டியில் வெள்ளி முழுவதும் வெளுக்கப்பட்டுக் கரைந்து வெளியேறிவிடுகிறது. கழுவி உலர்ந்து கைக்கு வரும் படத்தில் ‘வெள்ளிப் படம்’ என்ற பெருமைக்குக் காரணமான வெள்ளி எஞ்சியிருப்பதில்லை. ஜெலட்டினுக்குள் நிற்கும் மூன்று சாயங்களே எஞ்சியிருக்கின்றன.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரும் அதே மூன்று நிறங்களை, பெரும்பாலும் கறுப்பையும் சில இளநிறங்களையும் சேர்த்து, தாளின் மேற்பூச்சில் இடுகிறது. துளியின் அளவு சில பொறிகளில் 1.5 பிகோலிட்டர், அதாவது ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைப்பதில் ஒன்றரைப் பங்கு. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் எந்தக் கண்ணும் அதைத் தனிப்புள்ளியாகக் காண்பதில்லை. ஆகவே இரண்டும் நிறப்பொருள் ஏற்றிய தாள்களே. நிறம் தாளுக்குள் விளைந்ததா, தாளின் மேல் இடப்பட்டதா என்பது மட்டுமே வேறுபாடு. அந்த வேறுபாடுகூட இன்று லேபின் வாசலில் முடிந்துவிடுவதில்லை. வேதிநீரைக் கையாளுவதிலும் அப்புறப்படுத்துவதிலும் உள்ள தொல்லையைத் தவிர்க்க, ‘டிரை லேப்’ எனப்படும் உலர் இயந்திரங்களுக்கு மாறிய லேப்கள் பல. அவ்வியந்திரங்களுக்குள் இருப்பது பெரிய இங்க்ஜெட் பிரிண்டரே. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஐந்து நிமிடத்தில் பாஸ்போர்ட் சைஸ் படம் கொடுக்கும் சிறு ஸ்டுடியோவின் மேசையில் இருப்பதோ, பெரும்பாலும் வீடுகளுக்கென்று விற்கப்படும் அதே ஆறு வண்ண டேங்க் பிரிண்டர். கடையில் காசு கொடுத்து வாங்கினால் புகைப்படம், அதே பொறியில் வீட்டில் எடுத்தால் பிரிண்ட்அவுட் என்று பெயர் மாறுவதற்குப் பொருள் சார்ந்த அடிப்படை எதுவும் இல்லை.

இரண்டாவது காரணமாகிய ஆயுள் பற்றிய வாதமே மக்கள் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது. அப்படிப் பதிந்ததற்கு நியாயமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சந்தைக்கு வந்த சில வீட்டு பிரிண்டர்களின் படங்கள், பத்தாண்டு நிற்கும் என்ற விளம்பர உறுதிமொழிக்கு மாறாக, சில இடங்களில் வாரக்கணக்கில் செம்மஞ்சளாக மாறின. காரணம் ஒளி அன்று; காற்றிலுள்ள ஓசோன். மையை உடனே உறிஞ்சி உலரச் செய்வதற்காக நுண்துளைகள் கொண்ட பூச்சுடன் தயாரிக்கப்பட்ட தாளில், அந்தத் துளைகளின் வழியே காற்றும் தாராளமாகப் புகுந்து சயான் சாயத்தைச் சிதைத்தது. நீலப்பச்சை போனதும் செவ்வூதாவும் மஞ்சளும் மட்டும் நின்றன. வீட்டுப் படம் நிலைக்காது என்ற தீர்ப்பு பெரிதும் இத்தகைய அனுபவங்களால் எழுதப்பட்டது.

ஆனால் அதே தீர்ப்பை எழுதும் குடும்பங்களின் பீரோவில் 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் எடுத்த கலர் படங்கள் இருக்கும். அவற்றில் பல இன்று செம்மை படர்ந்து, மணமகளின் பச்சைப் பட்டுப் பழுப்பாகி, பந்தலின் வாழைமரமும் வெல்வெட் திரையும் ஒரே நிறத்தில் கலந்து கிடக்கின்றன. அவை அனைத்தும் லேபில் வேதிமுறைப்படி போட்டவை. அக்காலத்துக் கலர் தாள்கள் பலவற்றில் சயான் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மெல்லச் சிதையும் இயல்பு கொண்டிருந்ததே அதற்குக் காரணம். லேபின் செம்மையும் வீட்டு பிரிண்டரின் செம்மஞ்சளும் ஒரே சாயத்தின் இழப்பால் வந்த ஒரே நோய்; ஒன்று முப்பது ஆண்டில் வெளிப்பட்டது, மற்றது முப்பது நாளில் வெளிப்பட்டது என்பதால் முதலாவது மன்னிக்கப்பட்டது, இரண்டாவது தண்டிக்கப்பட்டது. இதே பீரோவில் இன்னும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அழியாமல் இருப்பதை லேபுக்குச் சான்றாகக் காட்டுவோர், அவற்றில் நிறமாக நிற்பது சாயம் அன்று, உலோக வெள்ளியே என்பதைக் கவனிப்பதில்லை. 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போன்ற ஆலைகளின் தாளில் துலக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்துக்கும், இன்றைய லேபின் கலர் தாளுக்கும் உறவு பெயரளவில்தான்.

ஆயுளை அளந்து சொல்லும் முயற்சியில் முன்னணியில் நின்றவர் அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி வில்ஹெல்ம். கலர் படங்களின் நிலைப்பு பற்றிய அவரது பெருநூல் 1993-இல் வெளிவந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த படத்தின் மீது நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளி விழும் என்று கொண்டு, மிகு ஒளியில் விரைவுபடுத்திய சோதனையின் முடிவை ஆண்டுகளாக மாற்றிக் கூறுவது அவரது முறை. அம்முறையில் ஃபியூஜியின் கிறிஸ்டல் ஆர்க்கைவ் லேப் தாளுக்குச் சுமார் 40 ஆண்டு கிடைத்தது. நிறமி மை பயன்படுத்தும் வீட்டு மற்றும் தொழில்முறை இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றின் படங்கள், ஏற்ற தாளில் அச்சிட்டபோது, அதைக் கடந்து சென்றன. நிறமி என்பது நீரில் கரையாத திண்மத் துகளாகத் தாளில் தங்குவது; சாயமோ நீரில் கரைந்து மூலக்கூறு மூலக்கூறாகப் பரவி நிற்பது. ஒரு மூலக்கூறு சிதைந்தால் சாயத்தில் அந்த அளவு நிறம் போய்விடுகிறது; துகளிலோ மேற்புறம் சிதைந்தாலும் உள்ளிருப்பது காக்கப்படுகிறது. ஆகவே சாய மையால் அச்சிடும் உலர் லேபில் வாங்கிய படத்தைவிட, நிறமி மையால் நல்ல தாளில் வீட்டில் எடுத்த படம் நெடுநாள் நிற்கக்கூடும். இடத்தை வைத்துத் தரவரிசை போட்டவர்களின் ஏணி இங்கே தலைகீழாகிறது.

ஆண்டுக் கணக்குகளையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. வில்ஹெல்ம் 450 லக்ஸ் என்று கொண்ட இடத்தில், கோடாக் நிறுவனம் வீடுகளின் சராசரி ஒளி 120 லக்ஸ் மட்டுமே என்று கொண்டு தன் தாளுக்கு நூறாண்டைக் கடந்த ஆயுளை அறிவித்தது. ஒளியின் அளவை ஏறத்தாழ நான்கில் ஒன்றாக்கினால் ஆயுள் நான்கு மடங்காவது கணக்கின் விளைவே அன்றித் தாளின் சிறப்பு அன்று. வில்ஹெல்மின் அளவீடும் 24 பாகை வெப்பத்தையும் 60 விழுக்காட்டு ஈரப்பதத்தையும் அடிப்படையாகக் கொண்டது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்று அடிக்கும் கூடத்துக்கு அது பொருந்தாது. அங்கே லேப் படத்தின் ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதும், பிரிக்கப் போனால் முகம் கண்ணாடியோடு உரிந்து வருவதும் பல வீடுகள் கண்ட துயரம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி தரும் மவுண்ட் அட்டை ஒன்று இருந்திருந்தால் அந்தப் படம் பிழைத்திருக்கும். அதை எந்த லேபும் தானாக வைத்துக் கொடுப்பதில்லை. எந்த பிரிண்டரும் வைத்துக் கொடுப்பதில்லை. ஆயுளில் பெரும்பங்கு பேணுவோர் கையில் இருக்கிறது.

மூன்றாவதான நிறத்தைப் பற்றிய வாதமே மிகவும் ஆராய வேண்டியது. லேபில் நிறம் சரியாக வரும் என்று சொல்லும்போது ‘சரி’ என்பதன் பொருள் என்ன? லேப் இயந்திரம் படத்தைக் கண்டதும் ஒளியையும் நிறத்தையும் தானாகத் திருத்தும் ஏற்பாடு கொண்டது. அதன்மேல் இயக்குபவர் சயான், மெஜந்தா, மஞ்சள், அடர்த்தி ஆகிய நான்கு பொத்தான்களால் ஏற்றியும் இறக்கியும் மாற்றலாம். தானியங்கித் திருத்தம் படம் முழுவதையும் ஏதோ ஒரு சராசரிக்கு இழுக்க முனைவது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த கறுத்த நிறமுள்ள மணமகன் ஒருவரின் முழு உருவப் படத்தை அதனிடம் கொடுத்தால், சட்டத்தில் பெரும்பகுதி வெண்மையாக இருப்பதைக் கண்டு படம் வெளிறியிருப்பதாகக் கருதி அது அடர்த்தியைக் கூட்டிவிடக்கூடும். வேட்டி சாம்பல் பூசும், முகம் இருளில் மூழ்கும். அதைப் பார்த்த இயக்குபவர் ‘முகம் டல்லா இருக்கு, கொஞ்சம் ஏத்திடலாம்’ என்று அடர்த்தியைக் குறைத்தால் முகம் வெளுக்கும், வேட்டியின் மடிப்பும் கரையும் வெண்மையில் கரைந்துவிடும். இரண்டுமே சரியான நிறம் அல்ல. முகத்தை மட்டும் அரைப்படி உயர்த்தி, வேட்டியை இருந்தபடி விடுவதே அந்தப் படம் கேட்கும் திருத்தம். நான்கு பொத்தான்களில் எதுவும் அதைச் செய்வதில்லை, ஏனெனில் அவை படம் முழுவதையும் ஒருசேர மாற்றுபவை.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. கலர் லேப்கள் தங்கள் இயந்திரத்தைச் சமன்படுத்த நெடுங்காலம் பயன்படுத்திய, ‘ஷெர்லி அட்டை’ என்று தொழிலில் பெயர்பெற்ற ஒப்பீட்டுப் படத்தில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட பெண். பல நிறத்தவரையும் சேர்த்த அட்டை பரவலானது 1990-களில்தான். உலகெங்கும் அச்சான முகங்களுக்கு எது இயல்பான தோல்நிறம் என்ற தீர்ப்பு இவ்வாறு ஒரு முகத்தை வைத்து வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்யாண ஆல்பங்களில் முகங்களை இரண்டு படி வெளுக்க வைப்பதோ, வாடிக்கையாளரே ‘பளிச்சுன்னு’ கேட்பதாகச் சொல்லி உள்ளூரில் தானாகவே வளர்ந்த பழக்கம். ஆக லேபின் நிறம் ‘சரி’ என்பது பெரும்பாலும் ‘வழக்கம்’ என்பதன் மறுபெயர். பாட்டியின் மாநிறம் பேரனின் கண்ணுக்குப் பழகிய மாநிறமாகவே தாளில் வர வேண்டும் என்று நினைக்கும் ஒருவர், அந்த முடிவை வேறொருவரின் பொத்தானிடம் விட்டுவிட்டு, வந்ததைச் சரியென்று சொல்லிப் பழகிக்கொள்கிறார்.

நிறத்தில் இன்னொரு வாயிலும் உண்டு. பெரும்பாலான லேப்கள் கோப்பை எஸ்ஆர்ஜிபி என்னும் பொது நிறவெளியில் கேட்கின்றன. நிறவெளி என்பது, எந்தெந்த நிறங்களைக் குறிக்க முடியும் என்று வகுத்த எல்லை. 1996-இல் சாதாரணக் கணினித் திரைகளுக்காக வகுக்கப்பட்ட இந்த எல்லைக்குள் செறிந்த நீலப்பச்சைகள் அடங்குவதில்லை. மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையின் அசைந்தாடும் பளபளப்பை எந்தத் தாளும் காட்டாது என்பது உண்மையே. ஆனால் அதன் அடர் நீலப்பச்சையில் ஒரு பகுதி லேபுக்குப் போகும் முன்பே இந்த வாசலில் வெட்டுப்படுகிறது. விரிந்த நிறவெளியில் எடுத்த கோப்பை, தாளுக்கும் மைக்கும் பொருந்தும் நிற விவரக்கோப்பைக் கொண்டு வீட்டில் அச்சிடுபவர் அந்தப் பகுதியில் கொஞ்சத்தையாவது மீட்க முடியும். கறுப்பு வெள்ளையிலும் இவ்வாறே: கலர் லேப் தாளில் மூன்று சாயங்களைச் சேர்த்துக் கறுப்பை உண்டாக்குவதால் சற்றுப் பசுமையோ செம்மையோ ஏறுவதைத் தவிர்ப்பது கடினம், கறுப்போடு சாம்பல் மைகளையும் தனியாகக் கொண்ட பிரிண்டருக்கு அத்தடுமாற்றம் குறைவு.

இவ்வளவு சொன்னபின், வீட்டு பிரிண்டர் தானாகவே சரியான நிறம் தரும் என்று முடிவு கட்டினால் அது எதிர்த் திசையில் அதே பிழையாகும். இருட்டறையில் பளீரென ஒளிரும் திரையைப் பார்த்துத் திருத்திய படம் தாளில் கறுத்து வருவதும், தாளின் வகையைக் குறிப்பிடாமல் பொத்தானை அழுத்தியதால் மை தேங்கிக் கறைபடுவதும், விலை மலிந்த மாற்று மையை ஊற்றியதால் நிறம் சாய்வதும் அன்றாட நிகழ்ச்சிகள். திரை தானே ஒளிர்வது, தாள் அறையின் ஒளியைத் திருப்பித் தருவது என்ற அடிப்படையை உணராதவருக்கு வீடும் லேபும் ஒன்றே: இரண்டிலும் அவர் எந்த முடிவையும் எடுப்பதில்லை. கைபேசிப் படத்தின் 4:3 வடிவத்தை ‘மேக்ஸி’ எனப்படும் 4×6 அங்குலத் தாளின் 3:2 வடிவத்தில் ஓரமின்றி நிரப்பும்போது படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்பட்டே தீரும். அது பின்வரிசையில் நிற்கும் சித்தப்பாவின் தலையா, முன்வரிசைக் குழந்தையின் காலா என்பதை யாரும் தீர்மானிக்காவிட்டால் இயந்திரம் தீர்மானித்துவிடும், லேபாக இருந்தாலும் வீடாக இருந்தாலும்.

செலவுக் கணக்கு எஞ்சுகிறது. இருநூறு படங்களை 4×6 அளவில் போட வேண்டுமென்றால் லேபே மலிவு, விரைவு, அலைச்சலற்றது என்பதை மறுப்பவர் கணக்குத் தெரியாதவர். மையின் விலை, தாளின் விலை ஆகியவற்றோடு, நாட்கணக்கில் ஓடாமல் கிடந்து நுனி அடைத்துக்கொண்ட ஹெட்டைக் கழுவுவதற்கே செலவாகும் மையையும், கெட்டுப்போன முதல் இரண்டு தாள்களையும் சேர்த்தால் வீட்டுப் படம் விலை கூடியதே. மைக்கலன் பொருத்திய டேங்க் பிரிண்டர்கள் இந்த இடைவெளியைப் பெரிதும் சுருக்கியிருந்தாலும் அழித்துவிடவில்லை. ஆனால் இக்கணக்கு ஒவ்வொரு படமும் மற்றொன்றுக்குச் சமம் என்ற எண்ணத்தில் நிற்கிறது. பிலிம் காலத்து இருட்டறைக் கலைஞர் முழுத்தாளை வீணாக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் சோதனை எடுத்துப் பார்ப்பார். ‘டெஸ்ட் ஸ்ட்ரிப்’ என்று அதற்குப் பெயர். வீட்டு பிரிண்டர் மீட்டுத் தருவது அந்த வசதியை: ஒரு கால்பங்குத் தாளில் எடுத்து, சன்னலருகே பகலொளியில் பார்த்து, முகம் சற்றுச் செம்மை என்று கண்டு, திரும்ப வந்து திருத்தி, மீண்டும் எடுப்பது. கூடத்தில் மாட்டப்போகும் ஒரு படத்துக்கு அந்த நான்கு துண்டுகளும் வீண்செலவு அல்ல. பீரோவுக்குள் போகப்போகும் இருநூறு படங்களுக்கு அது தேவையும் அல்ல. எது எந்த வகை என்று பிரித்தறியாமல் ஒரு படத்துக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்பது, கல்யாணச் சமையலின் கணக்கை வைத்து வீட்டு அடுப்பை மதிப்பிடுவது போன்றது.

ஆகவே லேபைக் கைவிடுமாறு கூறுவது இந்த மறுப்பின் நோக்கம் அன்று. லேபுக்குக் கோப்பை அனுப்பும்போது, தாளின் வடிவத்துக்குத் தாமே வெட்டி, நிறவெளியைச் சரிபார்த்து, ‘கரெக்ஷன் போட வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்து, எந்தத் தாள், வேதிமுறையா உலர்முறையா என்று கேட்டறிந்து வாங்குபவர், வீட்டில் எடுக்க வேண்டிய முடிவுகளை எல்லாம் எடுத்துவிட்டே லேபுக்குப் போகிறார். அவருக்குக் கிடைக்கும் லேப் படம் நன்றாகவே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிப்போன, நீளவாட்டில் 1600 புள்ளிகள் மட்டுமே கொண்ட கோப்பை 12×18 அங்குலத்துக்குப் பெரிதாக்கித் தரச் சொல்பவருக்கு, அங்குலத்துக்கு 90 புள்ளிகூட எட்டாத அந்தப் படத்தை எந்த லேபும் எந்த பிரிண்டரும் காப்பாற்றித் தர முடியாது.

இங்கே சொன்னதை நம்ப வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லை. ஓராண்டுப் பொறுமை இருந்தால் எந்த வீட்டிலும் சோதித்துவிடலாம். ஒரே கோப்பை லேபில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் தேதியையும் தாளையும் மையையும் எழுதி, இரண்டையும் நடுவே வெட்டி, ஒரு பாதியைச் சன்னலை ஒட்டிய சுவரிலும் மறுபாதியைக் காகித உறையிலிட்டுப் பீரோவிலும் வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் பாதிகளைச் சேர்த்துப் பார்த்தால் போதும். வெட்டிய கோட்டின் இருபுறமும் நிறம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். அதற்கான காரணத்தைத் தேடிப் படத்தைத் திருப்புபவருக்குப் பின்பக்கத்தில் உதவப்போவது எழுதி வைத்த தாளின் பெயரும் மையின் பெயருமே; எங்கே அச்சிட்டது என்று எழுத மறந்திருந்தாலும் விளக்கத்தில் குறை எதுவும் நேராது.